முட்டுகளைக் கழற்றும் நாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆட்கள் முன்னால் உன்னை எதிர்த்துப் பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாயாம். கேட்க மாட்டேன்.

நாம் கட்டும் கடையின் மூன்றாம் தளத்துக்குக் கான்கிரீட் போட்டு ஏழே நாள் ஆகியிருந்தது; அது இன்னும் முழுதாக இறுகவில்லை. திறப்பு விழாத் தேதியைச் சொல்லிச் சொல்லிக் கடை முதலாளி அவசரப்படுத்தினார். நீயும் தலையாட்டிவிட்டு, தளத்தைத் தாங்கி நின்ற முட்டுகளைக் கழற்றச் சொன்னாய். நான் குறுக்கே நின்றேன்.

"தேதி தவறினா நம்மள இனிமே யாரு கூப்பிடுவா?" என்று கத்தினாய்.

"தளம் விழுந்தா யாரு கூப்பிடுவாண்ணா?" என்றேன்.

ஹெல்மெட்டை வீசிவிட்டுப் போனவன்தான் நீ.

தேதியை நான் கோட்டை விடவில்லை. இந்த முட்டுகளைத் தொடாமல், அடுத்த மேல்தளத்துக்கு வேறு முட்டுகளை வாடகைக்கு எடுத்தேன். அதே நாட்களில் தரைத்தளத்தில் வயரிங்கையும் குழாய் வேலையையும் முடித்தேன். நேற்றுதான் மூன்றாம் தளத்து முட்டுகளைக் கழற்றினோம். ஒரு கீறல் இல்லை. அட்டவணையில் ஒரு நாளும் பின்தங்கவில்லை.

"அண்ணன் இல்லாமலே சமாளிச்சிட்டீங்களே!" என்று முதலாளி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை மொட்டைமாடிக்குக் கம்பி கட்டுகிறோம். கம்பியில் பிழை கண்டுபிடிக்க உன்னைப் போல் கண் இங்கே யாருக்கும் இல்லை. வந்துவிடு. ஆனால் முட்டுகளை எப்போது கழற்றுவது என்பதை நான்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்காரத் தங்கை