'மழை' என்று தேடியதில் வந்தவை

ஐப்பசி, வியாழன் இரவு

எங்கள் பேண்டேஜ் கம்பெனியின் தேடல் மென்பொருளில் இன்று ஒரு கட்டத்தை டிக் செய்தேன். இனி அது டேபிளில், அதாவது பதிவு அட்டவணையில், இருக்கும் வரிகளோடு, உள்ளே இணைத்த கடிதங்களையும் படிக்கும். இராஜபாளையத்தில் காலையிலிருந்தே தூறல். சோதனைக்கு 'மழை' என்று அடித்தேன்.

லீவு கடிதங்கள் மிதந்து வந்தன. மேனேஜர் தேதியை மட்டும் பார்த்து அனுமதிப்பவர். அந்தத் தைரியத்தில் எல்லாரும் மனசுவிட்டு எழுதியிருந்தார்கள்.

பக்கத்து சீட் மேரி அக்காவின் கடிதங்களும் வந்தன, வருஷத்துக்கு ஒன்றாக. ஆலங்குளத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகத்தான் எங்களிடம் சொல்வாள். கடிதத்தில், 'மழையில் பிறந்து மழையிலேயே போன என் மகள் ரூபியின் கல்லறைக்கு' என்று இருந்தது.

"என்னட்டி வந்துச்சு?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் வரலக்கா."

வேறு யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று, லீவு டேபிளுக்கு மட்டும் டிக்கை எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் என்னைக் குடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என்ன போட்டுத் தேடுன?"

"மழைன்னு. லெட்டருக்குள்ளயும் தேடுச்சு."

"அப்ப என் லெட்டரும் வந்திருக்கணுமே." குடையை என் பக்கம் சாய்த்தாள். பொறவு சொன்னாள்: "வருஷா வருஷம் எழுதுறேன். ஒருத்தராச்சும் படிப்பாகன்னுதான்."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

கண்ணை மூடினால், வெளுத்த பேண்டேஜ் துணி நீளநீளமாகக் காற்றில் அசைகிறது. அதில் அவளுடைய வரிகள் ஓடுகின்றன. நாளைக்குப் போனதும் வேறு எதுவும் பேச மாட்டேன். ரூபி என்று மட்டும் சொல்வேன்.