கீழே ஓடுகிற எழுத்து

6-5, செவ்வாய்

கத்திரி மூன்றாம் நாள். தெருத் தார் செருப்பில் ஒட்டுகிறது. மோட்டார் வால்வு மாற்ற ஆள் வரவில்லை. சுகர் மாத்திரை வாங்க வேண்டும் (நேற்றும் இதையேதான் எழுதியிருக்கிறேன்).

மூன்று மணிக்கு நார்வே சீரியல், நான்காம் பாகம். நார்வேயோ ஸ்வீடனோ. இரண்டும் ஒரே தாலுகா என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர்கள் பாஷை யாருக்கும் விளங்காது. கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். அதை வாசித்துத் தமிழில் சொல்வது நான். கோவில்பட்டியில் இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. பம்பாயில் கப்பல் கேப்டனோடு இரண்டு வருஷம் இங்கிலீஷில் புழங்கியவன். (டீ கொண்டுபோய்க் கொடுத்தது. பதினொரு மாதம். இங்கே எழுத என்ன வெட்கம்.)

பார்ப்பவர்கள்: நான், வீட்டுக்காரி, எதிர்த்த பலசரக்குக் கடை சுடலைமுத்து (இனி சு.மு.), பின் வீட்டுப் பேச்சியம்மாள். பேச்சி கதவோரம் தரையில்தான் உட்காருவாள். அவள் மகள் வேணி, புதியம்புத்தூருக்குத் தையல் வேலைக்குப் போய் வந்த பிள்ளை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் காட்டுக் கிணற்றில் கிடந்தாள். கால் தவறி விழுந்தது என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள்.

டி.வி.யிலும் ஒரு பிள்ளை. ஏரியில், ஐஸுக்கு அடியில். முதல் நாளே வீட்டுக்காரி சேனலை மாற்றப் போனாள். பேச்சிதான், "இருக்கட்டும் மைனி" என்றாள்.

இன்றைய அபிப்பிராயங்கள்.
சு.மு.: "லைட்டப் போட்டா என்னவாம் அவியளுக்கு? எல்லா வீடும் இருட்டிக் கெடக்கு."
வீட்டுக்காரி: "அந்தப் போலீஸ்காரி நாலு நாளா ஒரே கம்பளிச் சட்டை. குளிக்க மாட்டாளோ."
சு.மு.: "அந்தக் குளிருல நீங்க குளிப்பியளா மைனி?"


7-5, புதன்

கரண்ட் இரண்டரைக்குப் போனது, மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் வந்தது. மச்சினன் கடம்பூர் போளி கொடுத்துவிட்டான்.

ஐந்தாம் பாகம். செத்த பிள்ளையின் அம்மா ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறாள். வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. "பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வந்து கட்டிப்பிடிச்சு அழுதாளா பாருங்க. என்ன சனமோ."

"அழுது முடிச்சிருப்பா மைனி" என்றாள் பேச்சி.

சு.மு. போளியை மென்றுகொண்டே, "ஒத்தப் பிள்ளைக்கு அஞ்சு நாளா தேடுதாவ ஓய். நம்ம ஊர்னா மொத விளம்பரத்துக்குள்ள முடிச்சிருப்பாவ" என்றார். சிரித்தோம். பிறகுதான் பேச்சி இருப்பது ஞாபகம் வந்தது.

நான்தான் ஏதாவது சொல்ல வேண்டும். திரையில் போலீஸ்காரி அந்த அம்மா முன்னால் ஒரு தாளை வைத்தாள். "அந்த நாட்டுச் சட்டம் அப்படி. பெத்த தாய் கையெழுத்துப் போடாம ஃபைலை மூட முடியாது. அதைத்தான் சொல்லுதா" என்றேன்.

அப்படி இல்லை. என் கண்ணில் பட்டது YOU, பிறகு NOT. அதற்குள் எழுத்து மாறிவிட்டது. எப்போதும் அப்படித்தான். முகத்தைப் பார்த்து மீதியை நான் கட்டுகிறேன். இருந்தாலும் நல்ல சட்டம். எவனாவது போட்டிருக்கலாம்.

"தாய் போடாட்டா மூட முடியாதா அண்ணாச்சி?"
"முடியவே முடியாது."

9-5, வெள்ளி

முடி வெட்டியாயிற்று. மாத்திரை வாங்கவில்லை.

பேச்சி வந்ததும் சொன்னது: நேற்று ஸ்டேஷனில் கூப்பிட்டிருக்கிறார்கள். வேணி ஃபைலை முடிக்க ஒரு கையெழுத்து. "நான் போடல அண்ணாச்சி. யோசிச்சுச் சொல்லுதேன்னு வந்துட்டேன். புதன்கிழமை வரச் சொல்லியிருக்காவ."

சு.மு.: "ஓய், உம்ம வாசிப்பால ஒரு பொம்பள ஸ்டேஷன்ல எதுத்து நின்னுட்டா பாத்தீரா."

வீட்டுக்காரி என்னைப் பெருமையாகப் பார்த்த பார்வை, கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் இரண்டாவது தடவை. மிச்சமிருந்த போளி இரண்டையும் தின்றேன். ஏழாம் பாகம் பிரமாதமாக வாசித்தேன்.

12-5, திங்கள்

மேகம் கூடியது, பெய்யவில்லை. புழுக்கம்.

பேச்சி இரண்டரைக்கே வந்தாள். கையில் ஜவுளிக்கடைப் பை. உள்ளே பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட், நான்கு பக்கம், எல்லாம் இங்கிலீஷ்.

"ரெண்டு வருசமா பீரோவுல கெடக்கு. ஸ்டேஷன்ல கேட்டா, விழுந்து செத்ததுன்னு இருக்கும்மா, வேற என்னங்காவ. முழுசா ஒருத்தரும் வாசிச்சுச் சொல்லல. நீங்க டி.வி.யில ஓடுற எழுத்தையே வாசிக்கிய. இது ஓடாது அண்ணாச்சி. நிக்குற எழுத்துதான்."

மூன்று பேரும் என் வாயைப் பார்த்தபடி. கண்ணாடியைத் துடைத்தேன். நான்கு பக்கத்தையும் நிதானமாகப் புரட்டினேன். பாதி அச்சு, பாதி டாக்டர் பேனா. பிறகு சொன்னேன்: "தண்ணியில விழுந்த உடனே மயக்கம் வந்திருக்கு. பிள்ளைக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. வலி இல்ல. கால் வழுக்குனதுதான்னு போட்டிருக்கு."

"வலி இல்லையா?"
"இல்ல தாயி."
"எங்கன போட்டிருக்கு?"

ஒரு வரியைக் காட்டினேன். அந்த வரியைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் அழுதாள். வேணியை எடுத்த அன்று கூட அவள் இப்படி அழுது நான் பார்க்கவில்லை.

"அப்ப புதன்கிழமை போய்க் கையெழுத்தப் போட்டிருதேன். இனி எதுக்கு அவியகிட்ட அலையணும்." பையை எடுக்கவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும். வீட்டுல இருந்தா ஒறக்கம் வரமாட்டேங்கு."

ஆறுதலாகத்தான் சொன்னேன். வீட்டுக்காரியும் அதையே சொன்னாள். எட்டாம் பாகத்தை யாரும் பார்க்கவில்லை.

13-5, செவ்வாய்

மாத்திரை வாங்கினேன். வால்வு ஆள் வந்து போனான்.

காலையில் அந்தத் தாளை எடுத்தேன். எடுக்காமல் இருந்திருக்கலாம். டி.வி. எழுத்து ஓடிவிடும், பிழைத்துக்கொள்ளலாம். இது அங்கேயே நிற்கிறது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். எனக்குத் தெரிந்தவை:

AGE 19
HAIR, BLACK
LEFT HAND
NO (ஆறு இடம்)
NECK (மூன்று இடம். ஒன்று அச்சு. இரண்டு பேனா. அதில் ஒன்றுக்கு அடியில் கோடு)

நெக் எனக்குத் தெரியும். பனியன் பெட்டியில் இருக்கும். ரவுண்டு நெக், வீ நெக். கழுத்து.

பேனா எழுத்து நெக்குக்கு முன்னும் பின்னும் NO இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. மறுபடியும் பார்த்தேன். இல்லை. மற்ற வார்த்தைகள் நீளம், வாயில் வரவில்லை. சங்கிலி பற்றி எழுதியிருப்பாரோ. வேணி கழுத்தில் பாசிமணி கூடப் போடாத பிள்ளை. கிணற்றில் வழுக்கி விழுந்தவள் கழுத்தில் கோடு போட்டு எழுத என்ன இருக்கிறது.

மூன்று மணி. பேச்சி வரவில்லை. ஒன்பதாம் பாகத்துக்கு நான் வாய் திறக்கவில்லை. "வாசியும் ஓய்" என்றார் சு.மு. தொண்டை கட்டியிருக்கிறது என்றேன்.



14-5, புதன்

பேச்சி வீடு பூட்டிக் கிடந்தது. ஆட்டோ பிடித்து ஸ்டேஷன். வாசல் வேம்புக்குக் கீழே பெஞ்சில் இருந்தாள், இஸ்திரி போட்ட சேலையில். இன்னும் கூப்பிடவில்லை.

ரிப்போர்ட் பையை அவள் மடியில் வைத்தேன். "பேச்சி, எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது."

"டி.வி.யில?" என்றாள்.
"மூஞ்சியப் பாத்துச் சொன்னது."
"அந்தச் சட்டம்?"
"நான் போட்டது."
"வலி இல்லைன்னது?"

தாளைப் பிரித்துக் கோடு போட்ட இடத்தைக் காட்டினேன். "இந்த ஒரு வார்த்தை மட்டும் தெரியும். நெக்கு. கழுத்து."

"தெரியும்" என்றாள். "வேணி சட்டைக்கு நெக்கு அடிக்கிற மிசின்லதான் இருந்தா. வந்ததும், இன்னைக்கு இத்தன நெக்குன்னு சொல்லுவா."

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டதும் போனாள். ஜன்னல் வழியாகக் கேட்டது. "இத வாசிக்கத் தெரிஞ்ச ஆளக் கூட்டிட்டு வாரேன் சார். அதுவரைக்கும் போட மாட்டேன்." போலீஸ்காரர் சத்தம் போட்டார். இவள் சத்தம் போடவில்லை. அதையே திரும்பவும் சொன்னாள்.

வெளியே வந்து நடந்தாள். பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எனக்கு இருபது அடி முன்னால். கோர்ட்டும் வக்கீல் ஆபீஸும் இருக்கிற தெருப் பக்கம் திரும்பினாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வர நாலரை. கடைசிப் பாகம் முடிந்திருந்தது. சு.மு. மட்டும் இருந்தார். "எங்க போனீரு ஓய்? ஒருத்தனக் காருல ஏத்திக் கொண்டு போறாவ. அவந்தான் கொன்னானா, சாட்சிக்குக் கூட்டிட்டுப் போறாவளா? நீரு இல்லாம ஒண்ணும் வெளங்கல. சொல்லும், யாரு கொன்னது?"

தெரியாது என்றேன்.

"உமக்கா தெரியாது. சும்மா சொல்லும்."

தெரியாது என்றேன். நம்பாமல் எழுந்து போனார்.