பரிசோதனைக் குழாய்க்கு என்ன தெரியும்

அன்புள்ள சிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இருமல் விட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பா சுகம். நானும் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் தெம்பாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். பதில் போடத் தாமதமானதற்கு டயாலிசிஸ் காரணமில்லை, கோபம்தான். உன் மேல் இல்லை. "நான் உனக்கு வேண்டாதவளா அம்மா" என்று எழுதியிருந்தாயே, அப்படி உன்னை எழுதவைத்தவர்கள் மேல்.

நம் இருவருக்கும் ஒரே ரத்த வகை என்று தெரிந்ததுமே உன் அப்பா, பெத்த பொண்ணோட கிட்னி பொருந்தாம எங்க போகும் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த சோதனை ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. பரிசோதனைக் குழாயில் என் ரத்தத்தின் தெளிநீரை, அந்தச் சீரத்தை, எடுத்து அதில் உன் வெள்ளணுக்களைப் போட்டுப் பார்த்தார்கள், அவை செத்துப்போயின, உன் கிட்னியை என் உடம்பு ஏற்காது என்று அர்த்தம். உடனே உன் சித்தப்பா, என்ன உடம்போ, தன் கிட்னியையே தின்னுச்சு, இப்ப பெத்த பிள்ளையும் வேணாங்குது என்று ஆரம்பித்துவிட்டார், அதை உனக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

நானும் விலங்கியல் படித்தவள்தான், நீ வயிற்றில் இருக்கும்போதுதான் கடைசி வருடப் பரீட்சை எழுதினேன். உடம்பு தன்னைத் தானென்று அறியும், அந்நியரை அடிக்கும் என்றது பாடப்புத்தகம். அதற்கும் முன்னால், உடம்பு தன்னையே தாக்காது என்று அடித்துச் சொன்னவர்கள் இருந்தார்கள், சொந்த உடம்பே கிட்னியைத் தாக்கிக் கெடுத்த என்னைப் போன்ற நோயாளிகள்தான் அதைப் பொய்யாக்கினோம். பிறகு, பாதி அப்பாவாக இருக்கும் குழந்தையைத் தாயின் உடம்பு எப்படித் தாங்குகிறது என்ற கேள்வி வந்து எல்லாரையும் திணறடித்தது. வந்தது அந்நியமா என்று உடம்பு பார்ப்பதில்லை, ஆபத்தா என்றுதான் பார்க்கிறது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. பெரிய படிப்பாளிகளே இன்னும் சண்டை போடுகிற விஷயத்துக்கு உன் சித்தப்பா தீர்ப்பு எழுதுகிறார்.

மருத்துவர் என்னிடம் சொன்னது வேறு. உன்னைச் சுமந்தபோதே உன் அணுக்கள் எனக்குள் கலந்து, உன்னிடமிருக்கும் அப்பாவின் பங்கை என் ரத்தம் பார்த்துவைத்துவிட்டதாம். உன்னைத் தெரியாமல் மறுக்கவில்லையடி, தெரிந்ததால்தான். அப்படித் தெரிந்தும் மாதம் நிறையும்வரை உன்னை ஒன்றும் செய்யாமல் சுமந்ததும் இதே உடம்புதான். இனி வேண்டாதவள் என்ற அந்தச் சொல்லை எழுதாதே, எழுதினால் படிக்கமாட்டேன்.

இப்போது செய்தி. தையல்கடை அத்தை, என் அண்ணி, எனக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கு வந்தவள், என்னிடம் மூச்சுவிடாமல் அவளும் சோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறாள். பொருந்துகிறது. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து உன்கூட எனக்கு ஒத்துப்போனதே இல்ல நாத்தனாரே, உள்ளே இருக்கறதாவது ஒத்துப்போகட்டும் என்றாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. சித்தப்பா மட்டும் வேத்து ரத்தமாச்சே என்று இழுத்தார். அப்ப நீங்களே குடுங்க என்றாள் அவள். டீயைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். பயமில்லாமல் இல்லை. எனக்காகக் கத்திக்குப் போகிறவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் நீ வேலையை விட்டு வந்து, என் ரத்தத்திலிருந்து உன்னை எதிர்ப்பதை வடித்தெடுத்து உன் கிட்னியையே வைக்கச் சொல்வேன் என்கிறாயே, அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்ட கப்பல் கட்டும் தளத்தில் மல்லுக்கு நின்று வாங்கிய இடம் உன்னுடையது. அதை விட்டுக்கொடுத்தால்தான் நீ என் மகள் என்று யார் சொன்னாலும், நானே மயக்கத்தில் சொன்னாலும், நம்பாதே. லீவு கிடைக்கும்போது வா, போதும்.

தீர்க்காயுசாக இரு, எவன் முன்னாலும் குனியாமல் இரு. உயரத்தில் ஏறும்போது இடுப்புப் பட்டையை மறக்காமல் மாட்டு. அத்தைக்குப் போன் செய், நன்றி என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே, அவளுக்குப் பிடிக்காது, வழக்கம்போல வம்புக்கு இழு. அவளுக்கும் தூக்கம் வருவதில்லை, கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டாள்.

இப்படிக்கு,
உன் அம்மா