கிணற்றுத் தண்ணீரின் இருட்டு

9, திங்கள்
காலையிலிருந்து சோளகக் காற்று. மின்சாரம் இரண்டு தரம் போனது. எரிச்சல்.
விடத்தல்தீவு மரியதாஸ் அண்ணை ஆய்வுகூடத்துக்குச் சோதிக்கக் கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீர், மூன்று போத்தல். மீள்குடியேறி இரண்டு மாதம். வீட்டு வளவில் முந்தி ஆமி முகாம். கிணற்றுக்குள்ளிருந்து வெடிமருந்துப் பெட்டிகள் எடுத்தார்களாம். மகளுக்குக் கைக்குழந்தை. பவுசர் லொறியில் வரும் தண்ணீர் கிழமைக்கு ஒருக்கால்தான்.
"குடிக்கலாமோ எண்டு மட்டும் சொல்லுங்கோ தங்கச்சி."
வாங்க: பற்றரி, சவர்க்காரம், பாண்.

10, செவ்வாய்
சோதனைக் கருவியின் மின்வாய்க்கு நானோ கரி மை பூசினேன். விரலெல்லாம் கறுப்பு. இந்தக் கரிதான் வினையைத் தூண்டுவது. மின்சாரம் கொடுத்ததும், தண்ணீர் கலந்த கரைசல் நீலமாக ஒளிர வேண்டும். தண்ணீரில் வெடிமருந்து இருந்தால் ஒளி அணைந்துவிடும்.
குழாய்த் தண்ணீர்: நல்ல நீலம். அண்ணையின் தண்ணீர்: இருட்டு. மை சரியாகப் பிடிக்கவில்லை போலும். என் அவசரக் கை.
பாதியில் அண்ணையின் போன்.
"என்னவாம் தங்கச்சி?"
"ஒண்டும் தெரியேல்ல அண்ணை."
"ஓம், ஓம். மாதா காப்பாத்தினா." வைத்துவிட்டார். என்ன அவசரமோ.

12, வியாழன்
காற்று விட்டுவிட்டது. புழுக்கம்.
புது மின்வாய். மூன்று தரம் செய்தேன். குழாய்த் தண்ணீர் மூன்று தரமும் ஒளிர்ந்தது. அண்ணையின் தண்ணீர் மூன்று தரமும் இருட்டு. பிழை என் கையில் இல்லை. இருந்திருந்தால் நல்லது.
பின்னேரம், கந்தோர் அறைகளைக் கூட்டித் துடைக்க வரும் ஸ்டெல்லா அக்கா. அவவும் விடத்தல்தீவு.
"மரியதாஸ் வீட்டுக் கிணத்தை நேற்று பாதர் வந்து ஆசீர்வதிச்சவர். ஒழுங்கைச் சனம் முழுக்க இப்ப அங்கதான் தண்ணி அள்ளுது."
"ஆர் அக்கா குடிக்கச் சொன்னது?"
"நீங்கதானாம். தண்ணியில ஒண்டும் தெரியேல்லை எண்டு சொன்னியளாம்."
நான் தெரியவில்லை என்றது வெளிச்சத்தை. கடவுளே, எனக்கு வாய் எதற்கு? போன் எடுத்தேன், ஐந்து தரம். அண்ணை மீன்பிடிக்கக் கடலில். மகளிடம் போன் இல்லை. கடைசி பஸ்சும் போய்விட்டது. ஸ்டெல்லா அக்காவிடம் சொல்லி அனுப்பினேன். "பாதர் ஆசீர்வதிச்ச தண்ணி பிள்ளை" என்று சிரித்துக்கொண்டு போனா.

13, வெள்ளி
முதல் பஸ். இருக்க இடமில்லை. நின்றே போனேன்.
கிணற்றடியில் ஏழெட்டுக் குடம். மகள் படலை வாசலுக்கே வந்தாள்.
"வாங்கோ அக்கா. அப்பா உங்களைத்தான் சொல்லிச் சொல்லிப் புகழுறார்."
இடுப்பில் குழந்தை. கையில் பால் போத்தல், பாதி முடிந்திருந்தது.
"எந்தத் தண்ணியில பால்மா கரைச்சனீங்கள்?"
"எங்கட கிணத்திலதான். செவ்வாய்க்கிழமை நீங்கள் சொன்னதில இருந்து."
போத்தலைப் பறித்தேன். குழந்தை வீரிட்டது.