கண்ணெதிரே வைத்த சீல்

யூரோப்பா நிலவு, கடல் ஆய்வு நிலையம்
பதிவு: அங்கயற்கண்ணி, நீர் ஆய்வாளர்

நாள் 41, காலை 06:10
பனித் துளைக்குள் விளக்கை இறக்கினேன். மினுக்கிகள் வந்தன. உள்ளங்கை அளவு, நீல வெளிச்சம், எலும்பில்லாத உடம்பு. வழக்கம்போல் "எண்ணிக்கை: நிறைய" என்று பதிந்தேன்.

நாள் 58, மதியம் 14:30
சுரங்கக் கம்பெனியின் கழிவுக் குழாய் கடலில் திறந்திருக்கிறது. மினுக்கிகள் சாகின்றன. கடலைக் கெடுப்பவருக்கு இங்கே அபராதம் கிடையாது, ஜெயில்தான். ஆனால் மாதிரி நீரை கம்பெனி ஆளின் கண்ணெதிரே பாட்டிலில் பிடித்து, சீல் வைத்து, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

கம்பெனி ஆள் ஜெபராஜ் ரேடியோவில்: "மேடம், பல்லு வலி உயிர் போகுது. நீங்களே சீல் வெச்சிருங்க, அப்புறமா வந்து கையெழுத்துப் போட்டுடறேன்."

பாவமாக இருந்தது. நானே சீல் வைத்தேன். மாத்திரை வேறு அனுப்பினேன்.

நாள் 97, 09:00
பூமியிலிருந்து அரசு வக்கீல் மெஹருன்னிசா: "கேஸ் போச்சும்மா. சீல் வெக்கும்போது நான் அங்க இல்லைன்னு ஜெபராஜ் சொல்லிட்டாரு. நெஜம்தானே?"

நிஜம்தான். அந்த மனிதர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கோபம் அவர் மேல் இல்லை, என் மேல்தான். வழக்கு நடந்தவரை மூடியிருந்த குழாயை இன்று திறந்துவிட்டார்கள்.

நாள் 120, 11:15
மெஹருன்னிசா: "புதுசா கேஸ் போடலாம். ஆனா இந்தத் தண்ணியாலதான் செத்துச்சுன்னு காட்ட ஒரு மினுக்கியோட ஒடம்பு வேணும். நீயா கொன்னா செல்லாது."

மினுக்கி செத்த சில நிமிடத்தில் கரைந்துவிடும். சாகும்போதே பக்கத்தில் இருந்து, கரையாமல் காக்கும் மருந்து ஊற்றிய பாட்டிலில் பிடிக்க வேண்டும். விளக்கை இறக்கினேன். ஒன்றே ஒன்று வந்தது. தெற்குக் கடலில் இன்னும் கூட்டமாக இருக்கின்றன. குழாயை மூடாவிட்டால் அங்கேயும் இதே கதிதான்.

நாள் 121, 16:05
ஜெபராஜைக் கூப்பிட்டேன். இந்த முறை வந்துவிட்டார். துளையருகே இருவரும் உட்கார்ந்திருக்கிறோம். மினுக்கி மங்குகிறது. விளக்கை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இந்த விளக்கை நம்பியே பழகிவிட்டது, சனியன்.

16:40
ஜெபராஜ் கேட்டார்: "மேடம், உங்க நிலையத்துல இருக்கற சுத்தமான கடல் தண்ணித் தொட்டியில விட்டா பொழச்சுக்காதா?"

பிழைத்துக்கொள்ளும். எனக்குத் தெரியும். பாட்டிலின் மூடியைத் திறந்தேன்.

17:22
மினுக்கி அணைந்ததும் பிடித்து, சீல் வைத்தாயிற்று. ஜெபராஜ் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை வரவில்லை. சட்டப்படி எல்லாம் சரியாக...

17:30
எண்ணிக்கை: