ஐம்பதுக்குப் பதினொன்று

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தங்கச்சி, நான் மூவரும் நலம், என் வலது தோள் மட்டும் முக்கால் நலம். நீ நலமா என்று கேட்டால் போனில் வருவது போல ஒரு "ம்" தான் வரும், ஆகையால் சாப்பிட்டாயா, தூங்கினாயா, போர்வையைத் துவைத்தாயா என்று தனித்தனியாகக் கேட்கிறேன், தனித்தனியாகப் பதில் எழுது. போர்வை விஷயத்தில் மட்டும் பொய் சொல்லாதே, ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவளிடம் அது எடுபடாது. தங்கச்சி உன் அறையைப் பிடித்துக்கொண்டாள், "அண்ணன் ஹாஸ்டல்லேர்ந்து லீவுக்கு வந்தா ஹால்ல படுத்துக்கட்டும்" என்று சட்டமே போட்டாயிற்று, ஆனால் உன் மேசை இழுப்பறையை அவளும் திறப்பதில்லை, என்னையும் திறக்க விடுவதில்லை. அப்பாவுக்குப் பஸ் ரூட்டை மாற்றிவிட்டார்கள். இப்போது ஆஸ்பத்திரி வாசல், மருந்துக் கடை நிறுத்தம் வழியாகத்தான் ஓட்டுகிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினால் காது போகிறது என்று தினமும் புலம்பல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் வகுப்பு எப்படிப் போகிறது என்று நீ கேட்டபோதெல்லாம் "போகுது" என்றேன் அல்லவா, அது சுத்தப் பொய். எங்கள் பிரிவில் எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு போகிறது என்பதையெல்லாம் இனி கம்ப்யூட்டரில்தான் பதிய வேண்டுமாம். வகுப்பு முடிந்து வைக்கும் தேர்வில் தேறினால் எனக்கு மேசை வேலை, தேறாவிட்டால் மறுபடி இஸ்திரி இயந்திரம். அதற்கும் என் தோளுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது உனக்கே தெரியும். மருந்துக் கடைக்கு மேல் மாடியில்தான் வகுப்பு, எல்லாம் உன் வயதுப் பிள்ளைகள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று "குட் ஈவினிங் மேடம்" என்றது. நானும் பெரிய மனுஷி மாதிரி பதிலுக்குக் குட் ஈவினிங் சொல்லிவிட்டு நேராகக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன், அப்புறம் கேட்க வேண்டுமா, சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அன்றைக்கு வாயை மூடினவள்தான். டீச்சர் "புரியுதா" என்றால் முதலில் ஆடுவது என் தலைதான். இடைவேளையில் எல்லோரும் கூட்டமாக டீ குடிக்கப் போவார்கள், நான் மாடிப்படியில் நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டு, எதிர்முனையில் யாருமே இல்லாமல், "சரி, சரி, அப்புறம்?" என்று பேசிக்கொண்டிருப்பேன். நாலு வாரம் இப்படியே ஓடியது. நடுவில் ஒரு சின்னத் தேர்வு வைத்தார்கள், ஐம்பதுக்குப் பதினொன்று. தாளை எட்டாக மடித்துக் கைப்பையில் போட்டுவிட்டு, இன்னும் திருத்தவில்லை என்று அப்பாவிடம் சாதித்துவிட்டேன்.

மறுநாள் மாடி ஏறப் பிடிக்கவில்லை. எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, இஸ்திரி இயந்திரமே மேல் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பஸ் வந்து நின்றது. யார் ஓட்டுவது? உன் அப்பா. கதவைத் திறந்துவிட்டு, "என்ன, கிளாஸ் இல்லையா?" என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்து, "பதினொண்ணுதான் வாங்கியிருக்கேன், போதுமா?" என்று கத்திவிட்டேன். ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியவர் அக்கறையாக "நூத்துக்காம்மா?" என்றார். ஐம்பதுக்கு என்றேன். அவர் ஒரு நிமிடம் யோசித்து, "அப்ப நூத்துக்கு இருபத்திரெண்டு, பரவாயில்லையே" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "வீட்டுக்குத்தான் போகணும்னா ஏறு, சீட் இருக்கு. இல்ல, அந்த டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றதுன்னா, நாப்பது நிமிஷத்துல திரும்பி வருவேன், அப்ப ஏத்திக்கிறேன். சீக்கிரம் சொல்லு, பின்னால ஹார்ன் அடிக்கிறான்" என்றார். நான் ஏறவில்லை.

டீச்சருக்கு இருபத்தைந்து வயது கூட இருக்காது, ஜலதோஷத்தோடு மூக்கைத் துடைத்துக்கொண்டே என் தாளைப் பார்த்தாள். "நீங்க தலையாட்டுற வேகத்தப் பார்த்து உங்களுக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சுட்டேன்மா" என்றாள். பக்கத்தில் உட்கார வைத்து, நான் வழக்கமாகச் செய்வதை அப்படியே செய்யச் சொல்லிப் பார்த்தாள். கதை என்ன தெரியுமா, நான் முக்கால்வாசியை ஒழுங்காகத்தான் அடித்திருக்கிறேன், ஆனால் சேமிக்காமலே மூடியிருக்கிறேன். திரையில் வந்துவிட்டால் உள்ளே பதிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கே பாதி மதிப்பெண் போயிருக்கிறது. நீல நகப்பூச்சு போட்ட பெண் ஒருத்தி முன் வரிசையிலிருந்து திரும்பி, "ஆன்ட்டி, போன வாரப் பாடம் எனக்கும் புரியல, நீங்களாவது கேப்பீங்கன்னு பார்த்தேன்" என்றாள். இப்போது அவள் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். போன வாரத் தேர்வில் இருபத்தொன்பது. பிரமாதம் இல்லை, இருந்தாலும் தாளை மடிக்கவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை நீ கணக்கில் தேறவில்லை என்றும், கூட்டம் வருவதற்கு முன்பே மெஸ்ஸுக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டு வந்துவிடுவதாகவும் சொல்லி, "அம்மா, எனக்கு இந்த இடம் ஒத்து வரல, வந்துடட்டுமா?" என்று கேட்டாய். நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன், நீ கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை கண்ணா. வாயைத் திறந்தால் "இப்பவே கிளம்பி வந்துடு" என்று சொல்லிவிடுவேன், அந்தப் பயம்தான். நீ வந்தால் எனக்குச் சந்தோஷம், அதனாலேயே இந்த விஷயத்தில் என் பேச்சை நம்பாதே. கணக்கு வாத்தியார் அறைக்கு ஒரு தடவை போ. எல்லாம் புரியவில்லை என்று சொல்லாதே, எந்த வரியில் வண்டி நின்றது என்று காட்டு. சாப்பிட எல்லோரும் போகிற நேரத்துக்கே போ, யார் பக்கத்திலாவது உட்கார், பேச்சு வராவிட்டால் தண்ணீர் ஜாடியை நகர்த்திக் கொடு, அது போதும். முதல் வாரத்திலேயே எல்லோரும் கூட்டு சேர்ந்துவிட்ட மாதிரி தெரியும், அதில் பாதிப் பேர் என்னைப் போல வெறும் போனில் பேசுகிறவர்கள். இதையெல்லாம் செய்து பார்த்தும் ஒத்து வரவில்லை என்றால் வா, அப்பா லீவு போட்டு வந்து கூட்டிக்கொண்டு வருவார், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டோம், தங்கச்சியைத்தான் ஹாலுக்கு அனுப்புவது கஷ்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈரத் தலையோடு படுக்காதே. எங்கு இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்தது கைகூட வேண்டும், எங்கள் மூவரின் ஆசியும் உனக்கு உண்டு, தங்கச்சி தன்னுடையதைச் சேர்க்க வேண்டாம் என்கிறாள், சேர்த்துவிட்டேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இருபத்து மூன்றாம் தேதி எனக்குக் கடைசித் தேர்வு. அன்று காலையில் நீ போன் செய்து பயப்படாதே என்று சொல்ல வேண்டும். வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் அவரவர் அம்மா சொல்வார்கள், எனக்கு நீதான்.

இப்படிக்கு,
உன் பேச்சுக்குக் காத்திருக்கும்
அம்மா