டயர்ச் சுவருக்குப் பின்னால்

18 ஜனவரி 1998, ஞாயிறு

நாற்பத்திரண்டு டயர்கள் வந்துவிட்டன. பாறசாலை லாரிப் பட்டறையில் சும்மா கிடந்தவை. என் நண்பன் ஈசாக் கேட்டு வாங்கினான். துபாய் கிளப்பில் பெயிண்ட்பால் ஆட்டத்துக்கு மறைப்புகள் கட்டுவதுதான் எனக்கு வேலையாக இருந்தது. கிளப்பை மூடும்போது பத்துப் பழைய துப்பாக்கிகளை எனக்கே கொடுத்துவிட்டார்கள். குண்டுக்குள் சாயம். பட்டால் உடைந்து சட்டை கறையாகும், பட்டவன் வெளியே போக வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். எங்கள் குளத்தூர் தென்னை விளையில் நடத்தினால் நெய்யாற்றின்கரை காலேஜ் பிள்ளைகள் வருவார்கள் என்று ஈசாக் நம்புகிறான்.

பள்ளம் தோண்டுமுன் அப்பாவிடம் கேட்டேன், அடியில் பழைய கட்டுமானம் ஏதாவது உண்டா என்று. ஒன்றுமில்லை, தைரியமாகத் தோண்டு என்றார். ஐம்பது வருடம் அவர் மண்வெட்டி பிடித்த நிலம்.

24 ஜனவரி

டயரை ஐந்துக்கு மேல் அடுக்கினால் ஆடுகிறது. நடுவில் கமுகுத் தடி இறக்க வேண்டும்.

1 பிப்ரவரி, ஞாயிறு



மணல் நிரப்பிய தார் டிரம்மை ஈசாக் கிழக்கு மூலைக்கு உருட்டினான். நிறுத்தியதும் தரை அப்படியே உள்ளே போனது. டிரம் போயிற்று. கீழே தண்ணீரில் விழுந்த சத்தம் எவ்வளவு நேரம் கழித்துக் கேட்டது! ஈசாக் குழியின் குறுக்கே உடையாமல் கிடந்த ஒரு தடியை அணைத்துக்கொண்டு இடுப்பு வரை உள்ளே தொங்கினான். கயிறு போட்டு இழுத்தேன். வெளியே வந்தவன் நேரே வீட்டுக்கு நடந்துவிட்டான்.

கிணறு. பனந்தடி பரப்பி, மண் போட்டு மூடிய கிணறு.

அப்பாவைக் கூட்டி வந்து காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, “இது யாரு வெட்டினதுலே?” என்று என்னிடமே கேட்டார்.

2 பிப்ரவரி

அம்மா அடுக்களையில் வைத்துச் சொன்னாள். “அது உங்கப்பா வெட்டின கெணறாக்கும் மக்கா. நீ பெறக்கதுக்கு முன்னயே மூடியாச்சு.”

அப்படியென்றால் ஏன் இல்லை என்றார்? இரண்டு வருடமாக இப்படித்தானாம். கடைக்குப் போனால் வழி தெரியாமல் நிற்கிறாராம். வெளிநாட்டில் இருப்பவனுக்கு எதற்கு எழுத வேண்டும் என்று அம்மா விட்டுவிட்டாள். நான் வந்தும் மூன்று மாதம் ஆகிறது. ஒரே வீட்டில் சாப்பிடுகிறேன். எனக்கு எப்படித் தெரியாமல் போனது? டயரை அளந்தேன், தடியை அளந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேனா?

8 பிப்ரவரி

கிணற்றைக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பினோம். ஈசாக் வந்தான். வருவான் என்று நினைக்கவில்லை.

1 மார்ச், ஞாயிறு

முதல் ஆட்டம். எட்டுப் பேர் வந்தார்கள். அப்பா வேலிக்கு வெளியே நாற்காலியில், அம்மாவுடன்.

டயர்ச் சுவரைத் தாண்டி நான் ஓடும்போது நெஞ்சில் பட்டது. சிவப்புச் சாயம். வழுக்கி விழுந்தேன். அடுத்து நான் பார்த்தது அப்பாவை. எழுபத்தோரு வயது. வேலியை எப்படித் தாண்டினார் என்று இப்போதும் தெரியவில்லை. என் மேல் கவிழ்ந்து மூடிக்கொண்டார்.

“எம்பிள்ளைய விடுங்கலே.”

ஈசாக் நிறுத்தச் சொல்லிக் கத்துவதற்குள் மூன்று குண்டுகள் அவர் முதுகில் உடைந்தன. அவர் அசையவில்லை. அப்பா, இது சாயம், வெறும் சாயம் என்று எத்தனை தடவை சொன்னேனோ. அவர் என் நெஞ்சைத் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். நாலு பேர் சேர்ந்துதான் அவரைத் தூக்க முடிந்தது.

4 மார்ச்

களத்தை ஈசாக்கே நடத்தட்டும் என்று சொல்லிவிட்டேன். ஆட்டம் உள்ள நாளில் நான் வீட்டில் இருப்பேன்.

அப்பாவின் முதுகில் மூன்று இடத்தில் கன்றிப் போயிருக்கிறது. காலையில் எண்ணெய் தடவினேன். எப்படிப் பட்டது என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். சற்று நேரம் கழித்துத் திரும்பி, என் சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

“உனக்கு வலி கொறஞ்சுதா மக்கா?”

குறைந்துவிட்டது என்றேன்.